தமிழ் ஃபோல்டர் பெயருக்குத் தப்பாத பேட்டர்ன்: மட் மெயிலில் ஃபோல்டர்-ஹூக்

மன்னார்குடிப் பக்கத்தில் ஓர் உழவர் குழுவுக்கு வருகிற மெயிலையும் என் சொந்த மெயிலையும் ஒரே பழைய லேப்டாப்பில், மட் என்ற டெர்மினல் நிரலில்தான் பார்க்கிறேன். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது எங்கள் ஊரில் கரண்ட் திரும்ப நாள்கணக்கில் ஆனது, டவரும் இல்லை. பயிர்க்காப்பீட்டுக் கடிதங்கள் எல்லாம் எங்கோ ஒரு சர்வரில் கிடந்தன, கையில் ஒரு தாள் கிடையாது. அதற்கப்புறம்தான் மெயிலை முழுக்க டிஸ்க்கில் இறக்கி, ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரித்து வைக்கும் பழக்கம் வந்தது. மட் 1995-இல் மைக்கேல் எல்கின்ஸ் எழுதத் தொடங்கிய நிரல். மவுஸ் வேண்டாம், நெட் இல்லாத நேரத்திலும் இறக்கி வைத்ததைப் படிக்கலாம், ஆயிரக்கணக்கில் மெயில் இருக்கும் பெட்டியைக்கூடப் பழைய மெஷினில் சட்டென்று திறந்துவிடும்.

மட்டை நிறுவுவது எப்படி என்று இங்கே சொல்லப் போவதில்லை. நிறுவி, மெயிலும் வர ஆரம்பித்து, "இந்த ஃபோல்டருக்கு இந்த மாதிரி, அந்த ஃபோல்டருக்கு அந்த மாதிரி" என்று அமைக்கப் போகும்போது எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் ஃபோல்டர்-ஹூக். அதிலும் ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைத்தவர்களுக்கு யாரும் சொல்லித் தராத சிக்கல்கள் சில உண்டு, அவற்றை எழுதத்தான் உட்கார்ந்தேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். மட்டின் அமைப்புகள் இருக்கும் .மட்ஆர்சி ஃபைலில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். ஃபோல்டர் பெயரை மட்டும் இங்கே இருக்கிறபடியே தமிழில் அடியுங்கள். மட்டிலிருந்து பிரிந்து வந்த நியோமட் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான்.

ஒரு வரியில் தொடங்குவோம்:

ஃபோல்டர்-ஹூக் 'கடன்' 'செட் சிக்னேச்சர்=~/கையொப்பம்-குழு'

கடன் என்ற ஃபோல்டரைத் திறந்தால் குழுவின் கையொப்பத்தைப் போடு என்று அர்த்தம். முதல் மேற்கோளுக்குள் இருப்பது பேட்டர்ன், அதாவது எந்த ஃபோல்டர் என்று அடையாளம் காட்டும் அச்சு, இரண்டாவதற்குள் இருப்பது செய்ய வேண்டிய வேலை. ஃபோல்டர் திறப்பதற்குச் சற்று முன்பே அந்த வேலை நடந்துவிடும். பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது, நானும் இப்படித்தான் எழுதி வைத்திருந்தேன்.

என்னுடைய சொந்த ஃபோல்டர் ஒன்றுக்கு வீட்டுக்கடன் என்று பெயர். அதில் இருந்த ஒரு மெயிலுக்குப் பதில் எழுதினேன், கீழே குழுவின் பெயரும் செயலாளர் பதவியும் ஒட்டிக்கொண்டு போய்விட்டது. கடன் கொடுத்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் குழுத் தீர்மானத்தின் நகல் கேட்டார்கள். வீட்டுக்கும் குழுவுக்கும் சம்பந்தம் இல்லை என்று எழுதிக்கொடுத்து அந்தக் கோப்பு நகர மூன்று வாரம் ஆனது. காரணம் ஒன்றே ஒன்றுதான்: 'கடன்' என்று வெறுமனே எழுதினால், பெயருக்குள் எங்கே அந்த நான்கு குறிகளும் வரிசையாக வந்தாலும் பொருந்தும். வீட்டுக்கடன், கடன்-தீர்ந்தது, பயிர்க்கடன்-2023 எல்லாமே அதில் அகப்படும்.

அதைவிட முக்கியமான ஒன்று. மட் ஒப்பிட்டுப் பார்ப்பது ஃபோல்டரின் பெயரை மட்டும் அல்ல, டிஸ்க்கில் அது இருக்கும் முழுப் பாதையை. என் மெயில் எல்லாம் வீட்டு அடைவுக்குள் மெயில் என்ற ஃபோல்டரில் இருக்கிறது. 'மெயில்' என்று ஒரு பேட்டர்ன் எழுதினால் உள்ளே இருக்கும் அத்தனை பெட்டியும் பொருந்திவிடும், ஏனென்றால் ஒவ்வொன்றின் பாதையிலும் அந்தச் சொல் இருக்கிறது. ஆகவே பேட்டர்ன் எழுதும்போது பெயரை நினைக்காதீர்கள், பாதையை நினையுங்கள்.

வயலுக்கு இரண்டு பக்கமும் வரப்பு போட்டால்தான் தண்ணீர் நிற்கும். இங்கேயும் அப்படித்தான். முன்பக்க வரப்பு = குறி, பின்பக்க வரப்பு $ குறி:

செட் ஃபோல்டர்=~/மெயில்
ஃபோல்டர்-ஹூக் '=கடன்$' 'செட் சிக்னேச்சர்=~/கையொப்பம்-குழு'

= என்ற குறியை மட் பார்த்தவுடன் அதை உங்கள் மெயில் ஃபோல்டரின் முழுப் பாதையாக விரித்துக்கொள்ளும். $ என்றால் பாதை இத்துடன் முடிய வேண்டும். இப்போது வீட்டுக்கடன் பொருந்தாது, கடன்-தீர்ந்தது பொருந்தாது, கடன் மட்டும்தான். எண் வைத்துப் பெயரிடுபவர்களுக்கு இந்த $ இல்லாமல் வாழவே முடியாது. கிளை-1 என்று எழுதினால் கிளை-10-உம் கிளை-12-உம் கூடவே வரும்.

செட் ஃபோல்டர் வரி, = வைத்த ஹூக் வரிகளுக்கு மேலே இருக்க வேண்டும். ஹூக் வரியைப் படிக்கும் அந்தக் கணத்திலேயே மட் = குறியை விரித்துவிடுகிறது. ஃபைலின் அடியில் போய் ஃபோல்டரை மாற்றினால் மேலே ஏற்கெனவே விரிந்தது பழைய பாதையிலேயே நிற்கும், ஹூக் வேலை செய்யாது, பிழை என்று ஒரு வார்த்தையும் வராது.

அடுத்தது, திரும்பாத அமைப்பு. கடன் பெட்டியில் நுழையும்போது குழுக் கையொப்பம் போட்டாயிற்று, வெளியே வந்து வேறு பெட்டிக்குப் போனால் பழையபடி ஆகிவிடும் என்றுதான் எல்லாரும் நினைப்போம். ஆகாது. மட் எதையும் தானாகத் திருப்பி வைக்காது. யாராவது மாற்றும்வரை அதே கையொப்பம்தான். அதனால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வரியை முதலில் போட்டுவிட வேண்டும்:

ஃபோல்டர்-ஹூக் . 'செட் சிக்னேச்சர்=~/கையொப்பம்-வீடு'
ஃபோல்டர்-ஹூக் '=கடன்$' 'செட் சிக்னேச்சர்=~/கையொப்பம்-குழு'

ஒற்றைப் புள்ளி என்றால் ஏதாவது ஓர் எழுத்து. எந்தப் பாதையிலும் ஓர் எழுத்தாவது இருக்கும், ஆகவே எல்லாப் பெட்டிக்கும் அது பொருந்தும். ஒரு பெட்டிக்குப் பல ஹூக்குகள் பொருந்தினால் ஃபைலில் இருக்கும் வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக எல்லாமே ஓடும், கடைசியில் ஓடியதுதான் நிலைக்கும். பொது வரியைக் கீழே போட்டால் அது மேலே உள்ளதை எல்லாம் அழித்துவிடும். இந்த வரிசையை ஒருமுறை தப்பாகப் போட்டுவிட்டு ஒரு நாள் முழுக்கப் பேட்டர்னில் குற்றம் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

தமிழ் எழுத்தை மெஷின் எப்படி எண்ணுகிறது

குழுவில் கணக்குப் பார்க்கும் தங்கை ஒருநாள் கேட்டாள்: "அண்ணே, நிலுவை பெட்டியைத் திறந்தா மெயில் வரிசை தலைகீழா வருதே, அதுக்கு நான் எதுவும் போடலையே?" ஃபைலைப் பார்த்தேன். பட்டா, வரி ரசீது எல்லாம் வைக்கிற நில-பட்டா, நில-வரி பெட்டிகளுக்காக '=நில' என்று ஒரு வரி போட்டிருந்தாள். பழையது மேலே வரவேண்டும் என்று அதில் வரிசையை மாற்றியிருக்கிறாள். நிலுவை எப்படி இதில் பொருந்தும்? நம் கண்ணுக்கு நி, ல என்பது வேறு, நி, லு என்பது வேறு. மெஷினுக்கு அப்படி இல்லை. அதற்கு நிலுவை என்பது ந, இகரக் குறி, ல, உகரச் சுழி, வ, ஐகாரக் கொம்பு என்று ஆறு துண்டு. முதல் மூன்று துண்டும் நில என்ற சொல்லின் மூன்று துண்டும் ஒன்றேதான். அதனால் நிலுவையும் பொருந்தும், நிலையம் என்று ஒரு பெட்டி இருந்தால் அதுவும் பொருந்தும். முன்பக்கம் வரப்பு போட்டும் பின்பக்கம் உடைந்திருக்கிறது.

"அப்போ லகரத்துக்கு அப்புறம் கொம்பு, சுழி எதுவும் வரக்கூடாதுன்னு சொல்ல முடியாதாண்ணே?" முடியும், சதுர அடைப்புக்குள் எல்லா உயிர்க்குறிகளையும் தனித்தனியாகப் போட்டு எழுதலாம். ஆனால் அந்தக் குறிகள் தனியாக நிற்கும்போது டெர்மினலில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, எழுதியவருக்கே மறுநாள் புரியாது. அதைவிட நல்ல வழி, சொல் முடிகிற இடத்தில் ஒரு சிறு கோடு போட்டுப் பெயர் வைப்பது. '=நில-' என்று எழுதினால் நில-பட்டாவும் நில-வரியும் மட்டும் வரும், நிலுவை வராது. பேட்டர்னைச் சிக்கலாக்குவதைவிடப் பெயரை ஒழுங்காக வைப்பது எப்போதும் மேல் என்பது என் கருத்து. நெல் என்ற பெட்டிக்கும் இதே நிலைதான். நெல்லி என்று வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு பெட்டி வைத்திருந்தால் 'நெல்' அதிலும் போய் உட்காரும், ஏனென்றால் நெல்லியின் முதல் நான்கு துண்டும் நெல்லேதான்.

புள்ளியால் எண்ணுவதும் இதே காரணத்தால் தப்பும். டெல்டாவில் மூன்று போகத்துக்கும் மூன்றெழுத்துப் பெயர்: குறுவை, சம்பா, தாளடி. நான் போகத்துக்கு ஒரு பெட்டி, ஆண்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன், குறுவை-2024, சம்பா-2024 என்று. எல்லாம் மூன்றெழுத்துதானே என்று '=...-2024$' என எழுதினால் ஒன்றுகூடப் பொருந்தாது. மெஷின் கணக்கில் குறுவை ஆறு, சம்பா ஐந்து, தாளடி ஐந்து. தமிழில் எழுத்தை எண்ணிப் பேட்டர்ன் போடுவதை அடியோடு விட்டுவிடுங்கள், பெயரையே எழுதுங்கள்:

ஃபோல்டர்-ஹூக் '=(குறுவை|சம்பா|தாளடி)-20[0-9][0-9]$' 'செட் சார்ட்=த்ரெட்ஸ்'

பெயர்களுக்கு நடுவில் செங்குத்தாக நிற்கும் | கோடு 'அல்லது' என்று பொருள்படும், [0-9] என்றால் ஏதாவது ஓர் இலக்கம். எண்கள் ஒவ்வொன்றும் ஒரே துண்டுதான், அவற்றில் எந்தச் சிக்கலும் இல்லை. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, குறுவை நடவுக்கு மெயில் வர ஆரம்பிக்கிற நேரத்தில் புதிதாக ஒரு பெட்டி உருவாக்கினால் போதும், .மட்ஆர்சி ஃபைலைத் தொடவே வேண்டாம்.

கேள்விக்குறியிலும் கவனம் வேண்டும். அதற்கு முன்னால் இருப்பது இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்பது அதன் பொருள். 'நெல்?' என்று எழுதினால் ல் முழுவதும் விருப்பம் என்று நாம் நினைப்போம், ஆனால் விருப்பமாவது மேலே இருக்கும் புள்ளி மட்டும்தான். முழு எழுத்தைச் சொல்ல வேண்டுமானால் அடைப்புக்குள் போடுங்கள்: '(ல்)?' என்று. சதுர அடைப்புக்குள் கொ என்று போட்டாலும் அதேதான், க அல்லது ஒகரக் குறி என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளும்.

ஆற்றுப் பெயர்களை வைத்துப் பெட்டி வைப்பவர்களுக்கு இன்னொன்று. வெண்ணாறு, வெட்டாறு, பாமணியாறு, கோரையாறு எல்லாவற்றையும் ஒரே வரியில் பிடிக்கலாம் என்று 'ஆறு$' போட்டால் ஒன்றும் அகப்படாது. தனியாக நிற்கும் ஆ வேறு துண்டு, ணா-வுக்குள் இருக்கும் கால் வேறு துண்டு. புணர்ச்சியில் சொல் மாறுவது நமக்குப் பழக்கம், மெஷினுக்கு அந்த இலக்கணம் தெரியாது. நான்கு பெயரையும் அடைப்புக்குள் வரிசையாக எழுதிவிடுவதே சுலபம்.

கடைசியாக ஒன்று, இதுதான் என்னை அதிக நேரம் அலைக்கழித்தது. கொள்முதல் என்ற பெட்டிக்கு '=கொள்முதல்$' என்று எழுதியிருக்கிறேன், எழுத்துப் பிழை ஏதும் இல்லை, பொருந்த மாட்டேன் என்கிறது. கொ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வோடு ஒகரக் குறி ஒரே துண்டாக, அல்லது ஒற்றைக் கொம்பு ஒரு துண்டு, கால் இன்னொரு துண்டு என்று. திரையில் இரண்டுக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம்கூடத் தெரியாது. பெட்டியை உருவாக்கியது ஒரு கீபோர்டில், பேட்டர்னை அடித்தது வேறொரு கீபோர்டில். பழைய மேக் கணினிகளின் ஃபைல் முறை பெயரைச் சேமிக்கும்போதே இப்படிப் பிரித்துவிடும், ஆகவே அங்கிருந்து வந்த ஃபோல்டர்களிலும் இதைப் பார்க்கலாம். சந்தேகம் வந்தால் டெர்மினலில் எண்ணிப் பாருங்கள்:

எல்எஸ் ~/மெயில் | கிரெப் முதல் | டபிள்யூசி -எம்

கொள்முதல் என்ற ஒரு பெயர் மட்டும் வந்தால், வரி முடிவோடு சேர்த்து 10 என்று காட்டினால் சேர்ந்த வடிவம், 11 என்றால் பிரிந்த வடிவம். பெயரை எம்வி கட்டளையால் ஒருமுறை மாற்றிவிடுவது நிரந்தரத் தீர்வு. மாற்ற முடியாத இடத்தில் '=க..?ள்முதல்$' என்று எழுதலாம். க-வுக்கும் ள-வுக்கும் நடுவே ஒரு துண்டோ இரண்டு துண்டோ இருந்தால் போதும் என்று ஆகிவிடும். கோ, கௌ வருகிற பெயர்களுக்கும் இதே வைத்தியம்தான்.

இத்தனையும் சரியாக நடக்க டெர்மினலின் லொகேல், அதாவது மொழி, எழுத்துமுறை அமைப்பு, யூடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும். லொகேல் என்று அடித்தாலே காட்டிவிடும். இல்லாவிட்டால் ஒவ்வொரு தமிழ்த் துண்டையும் மூன்று பைட்டாக எண்ணி, புள்ளி எல்லாம் எங்கோ போய் நிற்கும். சர்வரில் தமிழ்ப் பெயர் வைத்த ஃபோல்டரை ஏதாவது கருவி டிஸ்க்குக்கு இறக்கியிருந்தால் பெயர் & குறியில் தொடங்கி - குறியில் முடியும் புரியாத எழுத்தாகத் தெரியலாம். சர்வரில் இருக்கும் மெயிலைப் படிக்க உதவும் ஐமேப் முறை பெயர்களை அப்படித்தான் குறியாக்கும். அந்தப் பெட்டிகளுக்குத் தமிழ்ப் பேட்டர்ன் பொருந்தாது.

முதல் எழுத்தில் இருக்கும் பொறி

வேறு எங்காவது ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது இப்படிக் குறிகளால் பேட்டர்ன் எழுதும் முறையைப் படித்தவர்கள், தொடக்கத்தைக் குறிக்க ^ போடுவார்கள். மட்டில் அது ஆபத்து. பேட்டர்னின் முதல் எழுத்தை மட் முதலில் ஃபோல்டர் சுருக்கக் குறியா என்று பார்க்கும், அதற்கப்புறம்தான் ரெகுலர் எக்ஸ்பிரஷன். ^ என்பது மட்டின் சுருக்கத்தில் இப்போது திறந்திருக்கும் பெட்டி. அதனால் '^/ஹோம்' என்று எழுதினால் நீங்கள் நினைத்தது நடக்காது. ^ நிஜமாகவே தொடக்கமாக வேலை செய்ய வேண்டுமானால் முழுவதையும் வளைவடைப்புக்குள் போட்டு '(^/ஹோம்/...)' என்று எழுதுங்கள். அப்போது முதல் எழுத்து அடைப்பாகிவிடும், சுருக்கம் விரியாது.

இதே மாதிரி முதல் இடத்தில் விரியக்கூடிய குறிகள்: + என்பதும் = போலவே மெயில் ஃபோல்டர், ~ வீட்டு அடைவு, ! புதுமெயில் வந்து விழும் பெட்டி, > படித்தவை போகும் பெட்டி, < அனுப்பியவை இருக்கும் பெட்டி, - இதற்கு முன் பார்த்த பெட்டி, @ முகவரிப் புத்தகப் பெயர். '-விதை$' என்று ஆரம்பித்து எழுதியவர்களுக்கு இந்த ஒற்றைக் கோடுதான் வினையாகும். '(-விதை)$' என்று போட்டால் சரியாகிவிடும்.

! குறிக்கு இன்னொரு வேலையும் உண்டு. மேற்கோளுக்கு வெளியே, பேட்டர்னுக்கு முன்னால் போட்டால் இதைத் தவிர மற்ற எல்லாப் பெட்டிக்கும் என்று பொருள். மேற்கோளுக்கு உள்ளே போட்டால் புதுமெயில் பெட்டி. ஒரு மேற்கோள் குறி இடம் மாறினால் அர்த்தமே தலைகீழாகும், இரண்டு முறை பார்த்துவிட்டு மூடுங்கள்.

பெயரிலேயே புள்ளி இருந்தால், உதாரணமாக தஞ்சை.நகர் என்று, அந்தப் புள்ளிக்கு முன்னால் பின்சாய்கோடு போட வேண்டும். ஒற்றை மேற்கோளுக்குள் '=தஞ்சை\.நகர்$' என்று ஒரு சாய்கோடு போதும், இரட்டை மேற்கோள் என்றால் இரண்டு சாய்கோடு தேவை. நான் எப்போதும் ஒற்றை மேற்கோளே பயன்படுத்துகிறேன். இந்தப் பேட்டர்னே வேண்டாம், ஒரே ஒரு பெட்டிதான் என்றால் புதிய பதிப்புகளில் -நோரெஜெக்ஸ் என்ற சேர்க்கை இருக்கிறது:

ஃபோல்டர்-ஹூக் -நோரெஜெக்ஸ் =கடன் 'செட் சிக்னேச்சர்=~/கையொப்பம்-குழு'

$ தேவையில்லை, புள்ளிக்குச் சாய்கோடு தேவையில்லை, அந்தப் பெட்டி மட்டும்தான். புதிதாக ஆரம்பிப்பவர்கள் ஒற்றைப் பெட்டிகளுக்கு இதையே பழகிக்கொள்ளலாம்.

சோதித்துப் பார்ப்பது

எழுதியதை மட்டில் ஏற்றுவதற்கு முன்பே வெளியே சோதிக்கலாம். வரிகளில் பேட்டர்ன் தேடும் கிரெப் கட்டளை -ஈ (ஆங்கிலப் பெரிய எழுத்து) போட்டால் பயன்படுத்துவதும் மட் பயன்படுத்துவதும் ஒரே வகை ரெகுலர் எக்ஸ்பிரஷன்:

ஃபைண்ட் ~/மெயில் -டைப் டி | கிரெப் -ஈ '/மெயில்/(குறுவை|சம்பா|தாளடி)-20[0-9][0-9]$'

கிரெப்புக்கு = சுருக்கம் தெரியாது, அதனால் அந்த இடத்தில் '/மெயில்/' போட்டிருக்கிறேன். எந்தெந்தப் பெட்டி அகப்படுகிறது என்று பட்டியலே வந்துவிடும். வரவேண்டியது வந்ததா என்று மட்டும் பார்க்காமல் வரக்கூடாதது வந்திருக்கிறதா என்றும் பாருங்கள், வீட்டுக்கடன் விஷயத்தில் நான் பார்க்காமல் விட்டது அதைத்தான். பட்டியலில் ஒரே பெட்டி மூன்று நான்கு முறை வந்தால் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு மெயிலையும் தனி ஃபைலாக வைக்கும் மெயில்டிர் முறையில் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் கர், நியூ, டெம்ப் என்று மூன்று உள்ஃபோல்டர் இருக்கும், உங்கள் பேட்டர்னின் கடைசியில் $ போடாததால்தான் அவையும் வருகின்றன.

அப்புறம் மட்டைத் திறந்து, சி அழுத்தி அந்தப் பெட்டிக்குப் போய், முக்காற்புள்ளி (:) அழுத்தி, செட் ?சிக்னேச்சர் என்று அடித்தால் இப்போது எந்தக் கையொப்பம் இருக்கிறது என்று கீழே காட்டும். பக்கத்துப் பெட்டிக்குப் போய் மறுபடி அதையே அடித்துப் பாருங்கள், பொது வரி வேலை செய்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.

.மட்ஆர்சி ஃபைலைத் திருத்திய பிறகு சோர்ஸ் கட்டளையால் மீண்டும் ஏற்றினால் போதாது. நீங்கள் அழித்த பழைய ஹூக் நினைவில் அப்படியே இருந்துகொண்டு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். முக்காற்புள்ளிக்குப் பிறகு அன்ஹூக் ஃபோல்டர்-ஹூக் என்று அடித்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஏற்றலாம், இல்லாவிட்டால் மட்டை மூடிவிட்டுத் திறக்கலாம். நான் மூடித் திறந்துவிடுகிறேன், இரண்டு விநாடிகூட ஆகாது.